மே மாதத்திலும் ரத்தம் வேண்டும்

மே 8 உலகத் தலசீமியா நாள். புனேயில் அந்தச் சமயம் கல்லூரிகள் பல்கலைக்கழகத் தேர்வில் மூழ்கியிருக்கும், அல்லது விடுமுறை விட்டிருக்கும். விதர்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ரத்த வங்கிகளின் குளிர்பதனப் பெட்டிகளில் காலித் தட்டுகள் கண்ணில் படத் தொடங்குவதும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் கல்லூரி முகாம்களையும் மென்பொருள் நிறுவனங்களின் முகாம்களையும் நம்பியிருக்கும் நகரம் இது. கோடையில் இரண்டும் ஓய்ந்துவிடுகின்றன. தலசீமியா உள்ள குழந்தைக்கோ விடுமுறை கிடையாது. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒருமுறை அதற்கு ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும்.

புனேயில் ஒரு ரத்த வங்கியின் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்குப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் சேலம் பக்கம் ஆத்தூர். கணவருக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். மடக்குக் கட்டில்கள், பைகள், எடைபார்க்கும் கருவி, பழச்சாறுப் பெட்டிகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்த நகரத்துக் கல்லூரிகளுக்கு முகாம் நடத்தப் போவது என் வேலையில் பெரும்பகுதி. நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் வாசலில் ரங்கோலி போட்டு வைத்திருப்பார்கள். 'மாவ்ஷி (சித்தி) வந்தாச்சு' என்று ஓடிவந்து பெட்டிகளை இறக்குவார்கள்.

அவர்கள் நடத்தும் எல்லா நிகழ்ச்சிகளையும் பார்த்திருக்கிறேன். ஜங்லி மகாராஜ் சாலையில் விழிப்புணர்வு நடை, ஃபர்கூசன் கல்லூரிச் சாலையில் தெருநாடகம், மைதானத்தில் சிவப்பு ரிப்பன் வடிவில் நிற்கும் மாணவர்கள், நன்கொடை திரட்டக் கலைநிகழ்ச்சி. அந்தப் பிள்ளைகளின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கிப் பெயர் சேர்த்து, வீட்டில் தயங்கும் அம்மாக்களிடம் தொலைபேசியில் பேசி, முகாமன்று காலையிலிருந்து சாப்பிடாமல் நின்ற மாணவிகளை எனக்குத் தெரியும். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நோயைப் பற்றி ஊருக்குச் சொல்லும் மாணவர்கள் முதலில் தங்கள் ரத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நாளில் நடந்து முடியும் விழாவை, கோடையையும் சேர்த்து ஆண்டு முழுக்க நடக்கும் வேலையாக மாற்ற வேண்டும். தலசீமியா விஷயத்தில் மாணவர்கள் வெறும் பிரசாரகர்கள் அல்லர். இன்னும் திருமணமாகாத, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் அவர்களைவிட இந்த நோயைத் தடுக்கப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை.

இரண்டு பேர் ரத்தம், ஒரு குழந்தை

தலசீமியா தொற்றுநோய் அல்ல. பெற்றோர் வழியாக வருவது. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் அவரைத் தலசீமியா மைனர் என்போம். அவர் நோயாளி அல்ல. படிப்பார், ஓடுவார், வேலைக்குப் போவார். தனக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே ஆயுளைக் கழித்தும்விடுவார். கணவன், மனைவி இருவரும் மைனராக இருந்தால்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தை தலசீமியா மேஜராகப் பிறக்க வாய்ப்பு உண்டு.

பிறந்தவுடன் அந்தக் குழந்தையிடம் எந்தக் குறையும் தெரியாது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் சில மாதங்கள் காப்பாற்றும். அது குறையக் குறைய, ஆறு மாதத்துக்கு மேல் முகம் வெளுக்கும், பால் குடிப்பது குறையும், மண்ணீரல் வீங்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நோய் உறுதியாகிவிடும். அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. அவ்வளவு இரும்பை வெளியேற்ற உடலிடம் வழி இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்றத் தனி மருந்து, அதுவும் அன்றாடம். பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யலாம், வேலூர் சி.எம்.சி. 1986லேயே அந்தப் பணியைத் தொடங்கிவிட்டது. ஆனால் பொருத்தமான உடன்பிறப்பு எல்லோருக்கும் அமைவதில்லை, லட்சக்கணக்கில் பணமும் எல்லோரிடமும் இல்லை.

இந்தியர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் மைனர் என்றும், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் மேஜராகப் பிறக்கிறார்கள் என்றும் தேசிய நலவாழ்வு இயக்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. சிந்தி, பஞ்சாபி, குஜராத்தின் லோஹாணா, கட்ச்சின் பானுஷாலி சமூகங்களில் விகிதம் இன்னும் அதிகம். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பிம்ப்ரி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் புனேயில் பலர் இதைச் சிந்திக்காரர்களின் நோய் என்றே நினைக்கிறார்கள். தேஹு ரோடு, கட்கி, ராஸ்தா பேட்டை என்று தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் 'நமக்கெல்லாம் வராது' என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

அப்படி இருந்துவிட முடியாது. தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் தலசீமியாவும், அதைப் போலவே பெற்றோர் வழியாக வரும் இன்னொரு ரத்த நோயான அரிவாள் செல் நோயும் இருக்கின்றன. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். இன்னொன்றும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. இதைச் சொல்வது உறவை இகழ்வதற்கு அல்ல. அத்தை மகனைக் கட்டிக்கொள்வதாக இருந்தாலும் முதலில் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்வதற்குத்தான்.

மிதந்த துளியைப் பின்தொடருங்கள்

கல்லூரி முகாமில் முதல் மேசை என்னுடையது. ஒரு குப்பியில் நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல் இருக்கும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தத்தை அதில் விடுவோம். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்கிறது, ரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் கொடுக்க முடியாது. நாற்பத்தைந்து கிலோ எடை வேண்டும் என்ற விதியில் சிலரும், இந்தத் துளியில் பலரும் திரும்பிப் போவார்கள். திரும்புபவர்களில் பெண்களே அதிகம். ஆசையாக வரிசையில் நின்றவள், தோழிகள் உள்ளே போக, தான் மட்டும் வெளியே வருவாள். கையில் ஒரு பழச்சாறு டப்பா. 'கீரை சாப்பிடும்மா' என்று ஒரு வார்த்தை. பெரும்பாலான முகாம்களில் அத்தோடு சரி.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுதி உணவு, காலையில் சாப்பிடாமல் பேருந்து பிடிக்கும் அவசரம், மாதவிடாயில் போகும் அதிக ரத்தம் பற்றி யாரிடமும் சொல்லாத கூச்சம் எல்லாம் அந்த ஒரு துளியில் தெரிந்துவிடும். பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தார்கள், கல்லூரிக்கு வந்ததும் நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்ன பெண்கள் பலர்.

ரத்தத்தில் இரும்பு குறைந்தாலும் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். தலசீமியா மைனராக இருந்தாலும் சிறுத்திருக்கும். சாதாரண முழு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்குக் கீழே, அதிலுள்ள ஹீமோகுளோபினைச் சொல்லும் எம்.சி.ஹெச். 27க்குக் கீழே என்று வந்தால் காரணம் இரண்டில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். இரும்புக் குறைவு என்றால் மாத்திரையில் சரியாகும். மைனர் என்றால் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் எண் ஏறாது. வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் 'இவளுக்கு உடம்பில் ரத்தமே ஊறாது' என்ற பேச்சைச் சுமந்த பெண்களின் ரத்தத்தை ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டிப் பார்த்து மைனர் என்று எழுதியிருக்கிறோம். அந்தக் கருவியில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் விஷயம் தெளிவு. அரிவாள் செல் இருந்தாலும் அதே சோதனை காட்டிக்கொடுக்கும். விதர்பாவிலிருந்தும் நந்துர்பாரிலிருந்தும் போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்து சதாசிவப் பேட்டை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு அந்தச் சோதனை கட்டாயம் தேவை.

எனவே முகாமில் திருப்பி அனுப்பப்படும் பெண்தான் அன்றைக்கு நமக்குக் கிடைத்த முக்கியமான செய்தி. அமைப்பாளர்கள் அவளைக் கணக்கில் எழுதுவதில்லை. எத்தனை பைகள் சேர்ந்தன என்று மட்டும் எழுதுகிறார்கள். திருப்பி அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அங்கேயே ஒரு முழு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று, எண் ஏறாதவர்களுக்கு ஹெச்.பி.எல்.சி. இவ்வளவுதான் நான் கேட்பது. இதற்கு ஆகும் செலவை டி-சட்டைக்கும் பேனருக்கும் ஒதுக்கும் தொகையிலிருந்தே எடுக்க முடியும்.

ஒரே நாளில் ஆயிரம் பைகள் வேண்டாம்

பெரிய முகாம் என்றால் பெருமை. ஒரே நாளில் ஆயிரம் பேர், செய்தித்தாளில் படம். ஆய்வகத்துக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்தப் பெருமை வேறு மாதிரி தெரியும். சிவப்பணுப் பையின் ஆயுள் அதிகபட்சம் 42 நாள். தலசீமியா பிள்ளைகளுக்கு முடிந்தவரை இரண்டு வாரத்துக்குள் எடுத்த புது ரத்தம்தான் நல்லது. பழைய ரத்தம் ஏற்றினால் அடுத்த முறை சீக்கிரமே வர வேண்டியிருக்கும். ஆயிரம் பைகள் ஒரே நாளில் வந்தால் ஒரு பகுதி தேதி முடிந்து எரியூட்டப் போகும். அது ஒரு நட்டம். ரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் மறுபடி கொடுக்க முடியாது என்பது இரண்டாவது நட்டம். பிப்ரவரிக் கடைசியில் மொத்தக் கல்லூரியும் கொடுத்துவிட்டால், ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவரும் கொடுக்க முடியாது.

பரிசுப் பொருள்களும் எனக்குக் கவலை தருகின்றன. பை, ஹெல்மெட், டிபன் பாக்ஸ் என்று கொடுத்துக் கூட்டம் சேர்க்கும் முகாம்களுக்கும் போயிருக்கிறேன். பொருளுக்காக வருபவர், முன்பு வந்த மஞ்சள் காமாலையையோ தான் சாப்பிடும் மருந்தையோ மறைத்துவிடக்கூடும். ரத்தத்தை விலைக்கு விற்கும் தொழிலை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் நிறுத்தச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் தடை வந்தது. அதே கேடு பரிசின் வடிவில் திரும்பி வரக் கூடாது. 2011இல் குஜராத்தின் ஜூனாகத்தில் தலசீமியா பிள்ளைகள் 23 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது தெரியவந்தபோது, ஏற்றிய ரத்தத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பரிசோதனை எவ்வளவு நுட்பமானாலும், ஆதாயம் எதுவும் எதிர்பாராமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்து கொடுப்பவரின் ரத்தம்தான் இருப்பதிலேயே பாதுகாப்பானது. அப்படிப்பட்டவரைப் பதினெட்டு வயதில்தான் உருவாக்க முடியும்.

அதனால் மாணவர்களிடம் நான் கேட்பது பட்டியல். முகாமில் பெயர் கொடுத்த முந்நூறு பேரை மாதத்துக்கு இருபத்தைந்து பேராகப் பிரியுங்கள். புனேயிலேயே வீடு இருப்பவர்களை ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒதுக்குங்கள். ஊருக்குப் போகிறவர்கள் அங்கே பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் கொடுக்கட்டும். மகாராஷ்டிரத்தில் தலசீமியா நோயாளிகளுக்கு ரத்தம் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி பலிக்க வேண்டுமானால் முதலில் பெட்டியில் பை இருக்க வேண்டும்.

உடன்பிறப்பு பொருந்தாத நோயாளிகளுக்கு மஜ்ஜை மாற்றுக்காக வெளியாரைத் தேட உதவும் ஸ்டெம் செல் பதிவுக்கும் இதே பொறுமைதான் தேவை. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் கல்லூரிகளுக்கு வந்து கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி மாதிரி எடுக்கின்றன. கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் கொடுத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து 'உங்கள் மாதிரி ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது' என்று அழைப்பு வரும்போது பின்வாங்குபவர்கள் உண்டு. மறுமுனையில் ஒரு குடும்பம் அந்த அழைப்பின் முடிவுக்காகக் காத்திருக்கும். என்ன செய்யப் போகிறோம் என்று முழுதாகப் புரிந்துகொண்டு வீட்டிலும் பேசிய பத்துப் பேர் பதிந்தால் போதும்.

பள்ளியிலேயே சோதித்த ஊர்

மாணவர்களே தங்களைச் சோதித்துக்கொள்வது நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்குக் கனடாவின் மாண்ட்ரியால் பதில் சொல்லும். அங்கே 1972 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, விருப்பப்பட்டவர்களுக்கு டே-சாக்ஸ், தலசீமியா என்ற இரு மரபு நோய்களுக்கும் சோதனை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்த நோய்களோடு பிறக்கும் குழந்தைகள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தார்கள். பள்ளியில் கிடைத்த முடிவை மறக்காமல் வைத்திருந்து, பிள்ளை பெறும் வயதில் அதைப் பயன்படுத்தினார்கள் அந்த மாணவர்கள். இத்தாலியில் ரோம் நகரை உள்ளடக்கிய லாட்சியோ பகுதியிலும் 1975இலிருந்து பள்ளிகளிலேயே சோதித்தார்கள்.

எச்சரிக்கையும் இருக்கிறது. கிரீஸின் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் எல்லோருக்கும் அரிவாள் செல் சோதனை நடத்திய பிறகு, கடத்துநர், அதாவது மைனரைப் போல ஒரு பிரதி மட்டும் பழுதானவர் என்று தெரிந்தவர்களுக்குச் சம்பந்தம் தட்டிப்போனது; முடிவை மறைத்துத் திருமணம் செய்தவர்களும் இருந்தார்கள். நம் ஊரில் இது இன்னும் கடுமையாக நடக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து சுமக்கும் விஷயத்தில் பழி பெண் தலையில் மட்டும் விழும். ஆகவே முடிவை மூடிய உறையில் உரியவர் கையில் மட்டுமே தர வேண்டும். கல்லூரிப் பலகையில் ஒட்டக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. மைனர் என்று வந்தவர் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம், இணையும் மைனராக இருந்தால் மட்டும் கருவுற்ற பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மருத்துவரிடம் போய்க் கருவைச் சோதித்துக்கொள்ளலாம் என்பதை உட்கார்ந்து விளக்க ஒரு ஆலோசகர் வேண்டும். ஆலோசகர் கிடைக்காத கல்லூரி சோதனையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கருவி இல்லாத கல்லூரியும் தொடங்கலாம். நெஸ்ட்ரோஃப்ட் என்று ஒரு எளிய சோதனை உண்டு. நீர்த்த உப்புக் கரைசலில் சிறிது ரத்தம் விட்டு, அரைமணி நேரம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. தெரியாவிட்டால் அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும். நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் படிக்கும் மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்வார்கள்.

சுவரொட்டிக்கு வெளியே இருப்பவர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாயின் இடுப்பில் வந்துகொண்டிருந்த பிம்ப்ரிப் பையன் ஒருவன், பின்னாளில் பொறியியல் முடித்து வேலைக்கும் போனான். மாதத்துக்கு இரு முறை மடிக்கணினியோடு வந்து, ரத்தம் ஏறும்போதே அலுவலக வேலை பார்ப்பான். அவன் கல்லூரியில் படித்தபோது தலசீமியா பற்றிய ஒரு நிகழ்ச்சி நடந்ததாம். அழும் குழந்தையின் படத்தோடு 'தலசீமியா இல்லாத இந்தியா' என்று சுவரொட்டி. 'ஆன்ட்டி, இரண்டு வரிசை தள்ளி நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பிறந்திருக்கவே வேண்டாம் என்று அந்தப் படம் சொல்கிற மாதிரி இருந்தது' என்றான். என்னால் அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அவன் சொன்னதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். சோதனை வேண்டும் என்று நான் சொல்வதும் அவன் வாழ்க்கைக்கு முழு மதிப்புத் தர வேண்டும் என்று சொல்வதும் ஒன்றோடொன்று மோதவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை ஒரு தம்பதிக்குக் கிடைக்கிறது. ஏற்கெனவே நம்மோடு வாழ்கிறவர்களுக்குக் குறையில்லாத ரத்தம், மருந்து, படிப்பு, வேலை கிடைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ரத்தம் ஏற்றப்போகும் நாளில் அந்த மாணவனின் வருகைப்பதிவை வெட்டாமல் இருக்கும் கல்லூரிதான் உண்மையில் விழிப்புணர்வு பெற்ற கல்லூரி. நிகழ்ச்சியைத் திட்டமிடும் மேசையில் அப்படி ஒரு மாணவனையும் உட்காரவையுங்கள். சுவரொட்டியில் என்ன எழுதலாம் என்று அவனைக் கேளுங்கள்.

நடைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஓட்டமும் நடையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோயில் காலை இழந்த கனடா மாணவர் டெர்ரி ஃபாக்ஸ் 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். ஒவ்வொரு கனடியரும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்ற தெளிவான இலக்கு அவருக்கு இருந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவி அவர் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தபோதும் அந்த இலக்கு நிற்கவில்லை. சில மாதங்களில் நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடான தொகை சேர்ந்தது. இன்றும் அவர் பெயரில் உலகெங்கும் ஓடுகிறார்கள், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓடியிருக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்தும் ஒரு மாணவியைச் சொல்வேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வசதி குறைவு, மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, இரவு ரயிலில் கணவரோடு வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அந்த மாதிரிகளில்தான் முதலில் தெரியவந்தது. இங்கே அந்த நோயே இல்லை என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாணவி பொறுமையாகச் செய்த சோதனை ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது.

புனே மாணவர்களுக்கு அவர்களின் பல்கலைக்கழகத்தின் பெயரே முன்மாதிரி. 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்குச் சாவித்திரிபாய் பூலேயின் பெயரைச் சூட்டினார்கள். பெண்களுக்குப் பள்ளி திறந்தவராகத்தான் எல்லோரும் அவரைப் படித்திருக்கிறார்கள். 1897இல் பிளேக் பரவியபோது, மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த், ஹடப்சர் பக்கம் ஊருக்கு வெளியே சிகிச்சை இடம் நடத்தினார். முண்ட்வாவில் நோய் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தம் முதுகில் சுமந்துகொண்டு அங்கே போனார். அந்த நோய் அவரையும் பிடித்து, மார்ச் 10 அன்று இறந்துபோனார். அவர் பெயரைச் சான்றிதழில் தாங்கப்போகும் பிள்ளைகளிடம் கூடுதலாக எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் நடைக்கு இரண்டு மணி நேரம் போதும். மீதியில் ஒரு பங்கை இந்த வேலைக்குக் கொடுங்கள் என்று கல்லூரி முதல்வர்களையும் திட்ட அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் சேர்க்கையோடு தொடங்கினால், அடுத்த மே மாதத்துக்குள் ஒரு வகுப்பு முழுவதும் தன் ரத்தத்தை அறிந்திருக்கும். புனேயில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மகனோ இந்தச் சோதனைக்குச் சம்மதம் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வரன் பார்க்கும்போது எதிர்த் தரப்பிலும் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

ஆண்டறிக்கையில் நடையில் கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதும் இடத்துக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் சேருங்கள். இரண்டாம் முறையாக ரத்தம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? முகாமில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களில் 12.5ஐத் தொட்டவர்கள் எத்தனை பேர்? தாம் மைனரா இல்லையா என்று தெரிந்துகொண்டு படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர்? முதல் ஆண்டில் அந்த எண்கள் சிறியதாகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகள் அதை உயர்த்துவார்கள்.